உதிலைதான் போறன்

பக்கத்து வளவு அக்கா எங்களை எங்கே கூட்டிக்கொண்டு போகிறார் என்பது போய்ச் சேரும்வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. சில நாட்களில் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, திரும்பி வந்து கால் கழுவிய பிறகும் எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கழித்து அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எழும்பி வருவது அந்தப் பழைய குழப்பம்தான். அதை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத என்னால் முடியாது. ஒதுக்கினால் அக்காவும் கூடவே போய்விடுவார்.

முதலில் எங்கள் தீவுப் பகுதி வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். படலையைத் திறந்து வெளிக்கிடுகிறவரைப் பார்த்து ‘எங்கை போறியள்?’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் பயணம் கெட்டுவிடும். கேட்கப்பட்டவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்பிப் போய், ஒரு மிடறு தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் கதிரையில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். ஆகையால் ‘தூரப் போறியளோ?’ என்று கேட்பதே மரியாதை. பதிலும் எல்லோருக்கும் ஒன்றுதான்: ‘இல்லை, உதிலைதான்.’ இந்தா, இந்தப் பக்கத்தில்தான் என்று பொருள். தோட்டத்துக்குப் போகிறவரும் உதிலைதான் போகிறார், பெட்டி படுக்கையோடு கொழும்புக்கு ரயில் ஏறப் போகிறவரும் உதிலைதான் போகிறார். கேட்டவர் அதை நம்புவதில்லை. சொன்னவரும் நம்பச் சொல்லிச் சொல்வதில்லை.

மற்றவர்களுக்கு இது வாசலோடு முடிந்துவிடுகிற பேச்சு. அக்காவுக்கு அது வழி முழுவதும் நீண்டது.

நான் புங்குடுதீவிலிருந்து வேலணைப் பக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டோ மூன்றோ. என் கணவருக்கு அநுராதபுரத்தில் கிளாக்கர் வேலை. மாதம் ஒரு தடவை வருவார். அக்காவின் கணவருக்குக் கொழும்பில் பலசரக்குக் கடை; சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு தடவை, கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடிதத்திலே குடும்பம் நடத்திய இரண்டு பேர் நாங்கள். அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. பிள்ளைகள் இல்லை. உயரம், மெலிவு, கறுப்புக் குடை, தோளிலே ஒரு பனையோலை உமல், காலில் இருக்கவேண்டிய செருப்பு கையில். அக்கா என்றதும் இவ்வளவும் ஒன்றாகத்தான் எனக்கு நினைவு வரும்.

மாரி மழை ஓய்வதற்கும் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று கிளம்புவதற்கும் இடையிலே எங்கள் பக்கத்துக்கு ஒரு நல்ல காலம் உண்டு. மாசி கடைசியும் பங்குனி முழுவதும். கடல் கேணித் தண்ணீர் போல அசையாமல் கிடக்கும். தரவை வெளியில் புல் இன்னும் காய்ந்திருக்காது. அந்த ஆறேழு வாரமும் அக்கா வீட்டில் தங்கமாட்டார். ‘உவளுக்குக் காலிலை சில்லுப் பூட்டியிருக்கு’ என்பார் என் மாமி. மற்ற மாதங்களில் அதே அக்கா சந்தியிலுள்ள சங்கக்கடைக்குப் போகவும் பஞ்சிப்பட்டுச் சோம்பி இருப்பார்.

முதல் தடவை என்னைக் கூப்பிட்டது இப்படித்தான். “வாரும் பிள்ளை, கொஞ்சம் நடந்திட்டு வருவம்.” நான் பிள்ளையார் கோயிலடிக்கு என்று நினைத்துக் கலியாணத்துக்கு வாங்கிய செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். ஒழுங்கை, அதற்குள் இன்னொரு ஒழுங்கை, ஒரு பனங்கூடல், யாருடையதோ தோட்டத்து வரம்பு. எனக்குத் திசை என்பது பிறவியிலேயே இல்லை. கிழக்கு எது என்று கேட்டால் சூரியனைத் தேடுவேன், உச்சி நேரத்தில் கேட்டால் அழுவேன். இரண்டு மணித்தியாலம் நடந்து, கால் பொக்களித்து, லேஞ்சியால் முகத்தைத் துடைத்து அது பிழிகிற அளவுக்கு நனைந்தபோது முன்னால் வெள்ளை மணலும் கடலும் தெரிந்தன. சாட்டிக் கடற்கரை. நேர் றோட்டால் வந்திருந்தால் முக்கால் மணித்தியாலத்தில் வந்திருக்கலாம் என்று பிறகு மாமி சொன்னார்.

ஏன் முதலே சொல்லவில்லை என்று நான் சிணுங்கினேன். அக்கா உமலுக்குள்ளிருந்து ரொட்டியும் சம்பலும் எடுத்து வைத்தபடி சொன்னார்: “போற இடம் தெரிஞ்சால் கால் அதுக்கு முன்னமே நோகத் துடங்கிவிடும், பிள்ளை.” எனக்கு ஏற்கெனவே நொந்துகொண்டுதான் இருந்தது. இருந்தும் அடுத்த ஞாயிறு அவர் படலையில் கூப்பிட்டபோது நான் மறுபடி போனேன்.

இன்னொரு தடவை ஐந்து பெண்கள் போனோம். ஊர்காவற்றுறையில் சட்டி பானை வாங்கப் போகிறோம் என்று நாங்கள் நாலு பேரும் எங்களுக்குள் முடிவு கட்டியிருந்தோம். அக்கா அப்படிச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. பஸ்ஸால் இறங்கியதும் அவர் சட்டி பானைக் கடைகளைத் தாண்டி நேரே துறைக்குப் போய் அனலைதீவு வள்ளத்தில் ஏறிக் குடையை விரித்துக்கொண்டு இருந்துவிட்டார். நாங்களும் ஏறினோம். எங்களில் ஒருத்தி அடுப்பில் பயறு அவியப் போட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று வந்தவள். வள்ளம் திரும்பியது பின்னேரம். அனலைதீவில் அக்கா செய்தது ஒன்றும் இல்லை. மேற்குக் கரைவரை நடந்தார். ஒரு பூவரசின் கீழ் நின்று கடலைப் பார்த்தார். “பாத்தாச்சு, வாருங்கோ” என்றார். என்னத்தைப் பார்த்தாச்சு என்று நான் அந்தக் கடலை ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கடல்தான். பயறு கரியாகிப்போன வீட்டில் அடுத்த நாள் நடந்த சண்டை எங்கள் ஒழுங்கைவரைக்கும் கேட்டது.

நெடுந்தீவுக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தத் தீவில் வேலி என்றால் கல்வேலிதான். கடற்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மதில், அதே வெளி. நடுவழியில் மாடு சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்த ஒரு மனிதர் எங்களைப் பார்த்து இரங்கி, எவடத்துக்குப் போகவேண்டும் என்று கேட்டார். அவர் வழி காட்டத்தான் கேட்டார், அதில் பிழை இல்லை. அக்கா அவருக்கும் அதே பதிலைச் சொன்னார்: “உதிலைதான்.” மனிதர் நாலு பக்கமும் பார்த்தார். உதிலை கல்லைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு பெண்களைத் தனியே விட மனமில்லாமல் மாட்டையும் சாய்த்தபடி எங்களோடு கால் மைல் தூரம் நடந்தார். பிறகு, இனி அங்காலே கடல் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒழுங்கை இரண்டாகப் பிரிகிற இடமெல்லாம் அக்கா ஒரு கணம் நிற்பார், குடையை மடிப்பார், பிறகு ஒரு பக்கம் திரும்புவார். அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன். அவருக்கே போகிற இடம் தெரியாதோ என்று தோன்றியது. திரும்பி வருகிறபோது கேட்டால் வழக்கத்துக்குக் குற்றமில்லை, கேட்டேன். உங்களுக்காவது முன்னமே தெரியுமோ அக்கா என்று. அவர் அவித்துக் காயவைத்த பனங்கிழங்குப் புழுக்கொடியல் ஒன்றை முறித்துப் பாதியை என்னிடம் தந்து, இந்த வருடம் கிழங்கு நல்லாய் விழவில்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. புழுக்கொடியலைத் தின்றேன்.

கணவர் வந்து நிற்கிற நாட்களில் அக்கா படலையைத் தாண்டுவதில்லை. குசினிப் புகை நாள் முழுக்க அடங்காது. அந்த மனிதருக்கு வேப்பம்பூ வடகம் என்றால் உயிர். கொழும்புக்குப் போகும்போது ஒரு டின் நிறையக் கொண்டுபோவார். அவர் புறப்படுகிற நாள் நான் வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்திருக்கிறேன், பார்த்தது தப்புத்தான். தோல் பையோடு அவர் படலையில் நிற்பார். அக்கா, ஊரார் கேட்கிறமாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, “தூரப் போறியளோ?” என்று கேட்பார். இருநூறு மைலுக்கு அங்காலே போகிற மனிதர், “இல்லையப்பா, உதிலைதான்” என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பஸ் சத்தம் அடங்கியதும் அக்கா குசினிக்குள் போய்க் கழுவின சட்டிகளையே மறுபடி கழுவுவார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்கு விளங்கியதில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

அதுவும் பங்குனி. என் மகளுக்கு ஒன்பது மாதம். முந்தின நாளிலிருந்து காய்ச்சல். காலை எட்டு மணி இருக்கும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். அக்கா படலையடியில் வந்து நின்றார். குடை, உமல், கையில் செருப்பு. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வாரும் என்று கூப்பிடவில்லை. என் நிலைமை அவருக்குத் தெரியும்.

“தூரப் போறியளோ அக்கா?”

“இல்லைப் பிள்ளை, உதிலைதான் போறன்.”

சொல்லிவிட்டு அவர் உடனே போகவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வந்தவர்போல இருந்தது. பிள்ளை அழத் தொடங்கியது, நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். மறுபடி பார்த்தபோது அவர் ஒழுங்கை முடக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குத் தந்தி வந்தது. வீடு பூட்டியிருந்ததால் தபாற்காரர் என்னிடம் நீட்டினார். நாலு வீடு தள்ளியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் அன்று லீவு. தந்தி இங்கிலீசில், அவர்தான் வந்து படித்தார். கணவர் ஆஸ்பத்திரியில், நிலைமை மோசம், உடனே வரவும். மத்தியானம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ரயில் இருக்கிறது, அதைப் பிடித்தால் இரவுக்குள் கொழும்பு போய்விடலாம் என்றார் வாத்தியார். அதற்கு முன் அக்காவைப் பிடிக்கவேண்டும்.

எங்கே போனவ என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். உதிலைதான் என்று சொன்னவ என்றேன். அந்த நேரத்திலும் ஒருவர் சிரித்துவிட்டார்.

“அவ உதிலை எண்டால் அது நயினாதீவாத்தான் இருக்கும்” என்றார் வாத்தியார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாத்தியார் சைக்கிளில் சாட்டிக்குப் பறந்தார். இன்னொருவர் சைக்கிளில் ஊர்காவற்றுறைத் துறைக்கு. ஒருவர் பஸ் ஏறி, நயினாதீவு வள்ளம் புறப்படுகிற குறிகட்டுவானுக்கு. ஊர்காவற்றுறையில், கறுப்புக் குடையோடு ஒரு அம்மா அனலைதீவு வள்ளத்தில் ஏறினதைக் கண்டதாக யாரோ சொல்ல, பின்னால் இன்னொரு வள்ளம் போனது. அந்த அம்மா வேறு யாரோ. மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவவாம். மத்தியானம் ரயில் போய்விட்டது. நான் பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டுப் படலைக்கும் கிணற்றடிக்குமாக நடந்தேன். பயணத்துக்கென்று, கொடியில் கிடந்த அவருடைய ஒரு பழஞ் சேலையை எடுத்து என் உமலுக்குள் வைத்தேன், வெளியே எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அக்கா ஒழுங்கையால் வந்தார். உமல் நிறைய வேப்பம்பூ.

அவர் போனது ஊர்க் கேணிக்கு அங்காலே, பத்து நிமிட நடை. மலாயாவுக்குப் போன குடும்பம் ஒன்றின் பாழ்வளவில் நாலைந்து பெரிய வேம்பு நின்றது. மரத்தின் கீழ் சேலையை விரித்து, உதிர்ந்த பூவைக் கூட்டி, புடைத்து, அங்கேயே வெயிலில் காயப்போட்டு நாள் முழுக்க இருந்திருக்கிறார். வருடப்பிறப்புக்கு வருகிற மனிதருக்கு வடகம் போட. அனலைதீவுக்கு வள்ளம் அனுப்பிய நாங்கள் ஒருவரும் கேணிக்கு அங்காலே எட்டிப் பார்க்கவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடி நம்பலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

தந்தியை வாத்தியார் இரண்டு தரம் படித்தார். அக்கா படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்த வளவு மதிலுக்கு மேலாலை கண்டனான்” என்றார் மெதுவாக. “சைக்கிள் சைக்கிளாப் போச்சினம். ஆரோ காணாமப் போட்டினமாக்கும், பாவம், எண்டு நினைச்சன்.”

இரவு ரயிலுக்கும் நேரம் தப்பிவிட்டது. அடுத்த நாள் காலை ரயிலில் அக்காவை அவருடைய தமையன் கூட்டிக்கொண்டு போனார். கணவர் விடியப்புறமே கண்ணை மூடிவிட்டார். இரவு முழுக்க அறிவோடு இருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாராம். இதைக் கடைப் பொடியன் ஒருவன் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறான். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம். வருடக்கணக்காக எல்லாத் தூரத்தையும் உதிலை என்று சொல்லிப் பழக்கிவிட்டு, உண்மையாகவே உதிலை போன ஒரு நாளில் அதையே சொன்னால் எப்படி? பிறகு கோபம் என் பக்கம் திரும்பியது. அன்றைக்கு ‘எங்கை?’ என்று கேட்டிருந்தால் பயணம் கெட்டிருக்கும். அவர் வீட்டுக்குத் திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டு இருந்திருப்பார். அல்லது கேணிக்கு அங்காலே என்று சொல்லியிருப்பார். ஒரு மரியாதை கெட்ட கேள்வி கேட்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கவில்லை. இதை ஊரில் யாரிடம் சொன்னாலும், நீ செய்தது சரிதானே என்றார்கள். அதுதான் இன்னும் குழப்பியது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அக்கா திரும்பி வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்தது எனக்குக் குறை சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. எங்கே போனாலும் என் படலையில் வந்து சொல்லிவிட்டுப் போனார். “பிள்ளை, சங்கக்கடைக்குப் போறன். சந்தி தாண்டமாட்டன்.” “பிள்ளை, கிணத்தடியிலை நிப்பன்.” கோயிலுக்குப் போனால் எந்த வாசலால் போய் எந்த வாசலால் வருவார் என்பதுவரை. நான் ஓம் அக்கா, ஓம் அக்கா என்று தலையாட்டுவேன். என்னை வைத்து விளையாடுகிறாரா, பயந்துபோனாரா, இல்லை இனித் தேடுவதற்கு ஆள் நான் மட்டும்தான் என்று நினைத்தாரா என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாசி வந்தது, காற்று விழுந்தது, தரவை பச்சையாகக் கிடந்தது. அக்கா வெளிக்கிடவில்லை. குடை அவர் வீட்டு விறாந்தையில் தொங்கியபடி தூசி பிடித்தது. அந்த நடைகளைப் பற்றி நான் முறைப்பட்ட முறைப்பாடெல்லாம் எனக்கே திரும்பி வந்து குத்தியது.

பங்குனி நடுவில் ஒரு காலை என் மகளை மாமியிடம் விட்டுவிட்டு அக்கா வீட்டுப் படலையில் போய் நின்றேன். ரொட்டியும் சம்பலும் நானே கட்டியிருந்தேன்.

“வாங்கோ அக்கா, கொஞ்சம் நடந்திட்டு வருவம்.”

அவர் என்னைப் பார்த்தார். “எங்கை?” என்றார்.

அவர் வாயால் அந்தச் சொல்லை நான் முதல்முறை கேட்டேன். வழக்கமான பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. “சாட்டிக்கு” என்றேன், பரீட்சையில் விடை சொல்கிற பிள்ளைபோல.

அக்கா நாக்கைக் கடித்தார். “கேட்டுப்போட்டன் என்ன” என்றார். உள்ளே போனார். செம்பு வைக்கிற சத்தம் கேட்டது. கதிரை அசைகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். குடையிலிருந்த தூசியை முழங்காலில் தட்டினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

ஒழுங்கை முகப்பில் வாத்தியார் சைக்கிளை விட்டு இறங்கினார். வாய் பழக்கத்தில், தூரப் போறியளோ என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தானே குறுகிப்போனார். அக்கா நிதானமாகச் சொன்னார்: “சாட்டிக்குப் போறம். மூண்டு மணிக்கு முன்னம் வந்திடுவம்.” வாத்தியார் அதை மனப்பாடம் பண்ணுகிறவர்போல இரண்டு தரம் தலையாட்டினார்.

கேணியடியில் வழி இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் சாட்டிக்கு; அது எனக்கே தெரியும். இடப்பக்கம் அந்தப் பாழ்வளவைத் தாண்டி எங்கேயோ போகிறது. அக்கா ஒரு கணம் நின்றார். குடையை மடித்தார். இடப்பக்கம் திரும்பினார்.

வேம்படிக்கா, அதற்கும் அங்காலேயா? வாத்தியாருக்குச் சொன்னது பொய்யா, இந்த நிமிஷம் மனம் மாறியதா? எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. கேட்கவும் ஏலாது, கேட்டால் வீடுவரை திரும்பிப் போய்த் தண்ணீர் குடிக்கவேண்டும், ஒரு தரம் குடித்து வந்தவர் இன்னொரு தரம் வருவாரா? கேட்காமலும் ஏலாது, வீட்டில் பிள்ளை இருக்கிறது. நான் இடுப்பிலிருந்த லேஞ்சியை உருவினேன். முடக்கில், இடப்பக்கம் திரும்புகிற வேலிக் கதியாலில், தேடி வருகிறவரின் கண்ணில் படுகிற உயரத்தில், சத்தம் போடாமல் அதைக் கட்டத் தொடங்கினேன்.

அக்கா பத்தடி முன்னால் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

“வடிவா இறுக்கிக் கட்டும் பிள்ளை” என்றார். “காத்துக்குப் பறந்திடும்.”